மருமகன் கேட்ட புறா

வியாசர்பாடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. செங்கல்பட்டு வீட்டுத் தோட்டத்தில் புறா வளர்க்கப் போவதாகவும், என்னிடமிருக்கும், வீடு தேடித் திரும்பும் ஹோமர் புறாவில் ஒரு சோடி வேண்டுமென்றும் மருமகன் போனில் கேட்டான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டு.

பறந்து பழகிய பெரிய புறாவை நான் தரமாட்டேன். கொடுத்தால், கதவு திறந்த அன்றைக்கே வியாசர்பாடிக்கு வந்துவிடும். அப்பா முதல் சோடி வாங்கி வந்தபோது எனக்குப் பத்து வயது, நீ கைக்குழந்தை. பத்து நாள் அடைத்துவைத்துத் தீனி போட்டேன். பழகிவிட்டது என்று நம்பித் திறந்தேன். மாடிக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு, இரண்டும் பிறந்த வீட்டுக்கே போய்விட்டன. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. “அது உன்னை ஏமாத்தலடா, அதுக்கு வீடு அதுதான்” என்றார் அப்பா. புறா வளர்ப்பில் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

அதனால் இன்னும் வெளியே பறக்காத குஞ்சுகளாக நான்கு தருகிறேன். முப்பது நாள் வயதில் அவை தாமாகக் கொத்தித் தின்னும். அந்த வயதில் எந்தக் கூண்டின் கூரையிலிருந்து வானத்தைப் பார்க்கின்றனவோ, அதுவே அவற்றுக்கு வீடு.

கூண்டை மாப்பிள்ளையும் மருமகனும் சேர்ந்தே செய்யட்டும். ஆறடி நீளம், நாலடி அகலம் போதும். எலி, பாம்பு, கீரிக்குப் பயந்து தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டச் சொல். அரை அங்குலக் கம்பிவலை போடுங்கள். முகப்பு கிழக்கே இருந்தால் காலை வெயில் உள்ளே விழும். மழைச்சாரல் மட்டும் உள்ளே வரக்கூடாது. வாசலில் கம்பிகளைத் தொங்கவிட வேண்டும். வெளியிலிருந்து முட்டினால் விலகி வழிவிடும், உள்ளிருந்து முட்டினால் தடுக்கும். பக்கத்திலேயே பெரியவர்கள் திறந்துவிட ஒரு கதவு.

தீனி மருமகள் பொறுப்பு. கம்பு, சோளம், மக்காச்சோளம், பட்டாணி, பச்சைப்பயறு கலந்து, புறாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம். கிளிஞ்சல் தூளும் பொடிக்கல்லும் எப்போதும் இருக்க வேண்டும். பல் இல்லாத பறவைக்கு இரைப்பையில் கல்தான் அரைக்கிறது. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். தீனி வைக்கும்போதெல்லாம் தகர டப்பாவைக் குலுக்கச் சொல். கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாவை உள்ளே இறக்குவது அந்தச் சத்தம்தான்.

முதல் வாரம் கூண்டின் மேலே வலைப்பெட்டியில் வைத்து அக்கம்பக்கத்தைப் பார்க்க விடுங்கள். பிறகு ஒரு சாயங்காலம், தீனி வைக்கும் முன் திறந்துவிடுங்கள். பசி இருந்தால் தூரம் போகாது. சில வாரம் வீட்டைச் சுற்றிப் பறந்து பழகியபின், கூடையில் வைத்து ஒரு கிலோமீட்டர், மூன்று, ஐந்து, பத்து என்று தள்ளிப்போய் விடுங்கள். சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் வாசனையையும் கொண்டு அவை திசை அறிகின்றன என்கிறார்கள். நான் கண்டது ஒன்று. ஒருமுறை அப்பாவும் நானும் ரயிலில் கூடூர் வரை போய் ஐந்து புறாக்களை விட்டுவிட்டுத் திரும்பினோம். நாங்கள் வீடு சேரும்போது நான்கு எங்களுக்கு முன்னே மாடியில் இருந்தன.

ஐந்தாவது வரவே இல்லை. தங்கச்சி, இதையும் பிள்ளைகளிடம் மறைக்காதே. வல்லூறு அடிக்கும், புயல் திசை மாற்றும். நான் ஒரு மாதம் மாடியில் காத்திருந்தேன். பிள்ளைகள் அழுதால் அழட்டும், ஆனால் மறுநாள் காலை மற்றப் புறாக்களுக்குத் தண்ணீர் மாற்ற அவர்கள்தான் போக வேண்டும்.

சுத்தம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கக்கூடாது. தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டும். புறாத்தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போடாமல் யாரும் உள்ளே போகவேண்டாம், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சின்னவளுக்கு இளைப்பு வருவதுண்டே, முதலில் டாக்டரிடம் கேட்டுவிடு. அவர் வேண்டாமென்றால் அவள் வெளியிலிருந்து டப்பா மட்டும் குலுக்கட்டும்.

ஆறேழு மாதத்தில் குஞ்சுகள் வளர்ந்து சோடி சேரும். இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை. பகலில் ஆண் உட்காரும், சாயங்காலம் முதல் மறுநாள் காலை வரை பெண். பொரிந்த குஞ்சுக்குத் தாய் தகப்பன் இரண்டுமே தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் கக்கி ஊட்டும். ஆணும் பாலூட்டுவதை உன் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

மாமாவுக்குப் புறாவில் கடிதம் அனுப்பலாமா என்று மருமகன் கேட்டானே, அனுப்பலாம். ஒடிசாவில் போலீசார் 1946இல் கோராபுட்டில் ஆரம்பித்துப் பல ஆண்டுகள் புறாவில்தான் சேதி அனுப்பினார்கள். 1948இல் சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு நேரு சேதி அனுப்பியதும் புறாவில்தான். 1999 புயலில் தொடர்பெல்லாம் அறுந்தபோதும் அவை பறந்தன. ஆனால் புறா தன் வீட்டுக்குத்தான் சேதி கொண்டுபோகும். அதனால் வரும்போது என் புறா ஒன்றைக் கூடையில் கொண்டுவருகிறேன். மருமகன் சிறு தாளில் எழுதிக் காலில் கட்டி விட்டால் என் மாடிக்கு வந்துவிடும். உன் வீட்டுக் குஞ்சுகள் வளர்ந்து தூரம் பழகியதும், ஒன்றை இங்கே எடுத்துவந்து பதில் கட்டி அனுப்புகிறேன்.

கூண்டு முடிந்ததும் எனக்குச் சொல். என்னிடம் இப்போது இரண்டு சோடி அடையில் இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்