மாமியின் அஸர் நேரக் கோப்பை

என் மாமிக்கு எழுபத்திரண்டு வயது. அஸர் தொழுதுவிட்டு முன் விறாந்தையில் வந்து அமர்ந்தால் கையில் பிளேன்டீ இருக்க வேண்டும். மஃரிபுக்குப் பின் ஒன்று, இஷாவுக்குப் பின் இன்னொன்று. வருபவர்களுக்கும் அந்தக் கேத்தலிலிருந்தே ஊற்றிக் கொடுப்பார்.

கடந்த வருடம் இரவுகளில் தூக்கமின்றிப் புரளத் தொடங்கினார். "தேயிலையிலுள்ள கஃபீன் காரணமாக இருக்கலாம். பின்னேரத்தில் தேத்தண்ணியை நிறுத்திப் பாருங்கள்" என்றார் வைத்தியர். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணித்தியாலம் செல்லுமாம். பச்சைத் தேயிலையும் அதே செடிதான். அதிலும் கஃபீன் உண்டு.

அன்றே நிறுத்திவிட்டேன். மறுநாள் கொத்தமல்லி அவித்த தண்ணீரை நீட்டினேன். "எனக்கென்ன மகள், காய்ச்சலா?" என்று தள்ளி வைத்துவிட்டார். மூன்று நாட்கள் விறாந்தைப் பக்கமே வரவில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவிடம், "இந்த வீட்டில இப்ப எனக்கு ஒரு தேத்தண்ணிக்கும் வழியில்ல" என்று அவர் சொன்னது அடுப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. நெஞ்சு கனத்துப் போனது. நல்லதென்று நினைத்து, ஒரு மூத்த மனுஷியின் மரியாதையை அல்லவா பறித்திருக்கிறேன்!

நான்காம் நாள் வேறு விதமாகச் செய்தேன். சகோதரிகளே, நீங்களும் செய்து பாருங்கள்.

நான்கு கோப்பைத் தண்ணீரில் இரண்டு அங்குலக் கறுவாப்பட்டை, மூன்று கராம்பு, தட்டிய ஏலக்காய் மூன்று, பெருவிரலளவு இஞ்சியை நசுக்கிப் போட்டு, மூடி வைத்து 10 நிமிடம் மெல்லிய தணலில் கொதிக்க விடுங்கள். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பின், நன்றாகக் கழுவிய தோடம்பழத்தின் மேற்தோலை மெல்லியதாகச் சீவி நாலைந்து துண்டு போட்டு, மீண்டும் 5 நிமிடம் மூடி வையுங்கள். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். வடித்து, குடிக்கும் பதத்துக்கு ஆறிய பின்னரே அரைத் தேசிக்காயைப் பிழியுங்கள். அடுப்பிலிருக்கும்போது பிழிந்தால் ருசியும் கெடும், விற்றமின் சீயும் குறையும். புளிப்புச் சேர்வதால் அலுமினியப் பாத்திரம் வேண்டாம். நெஞ்செரிவு உள்ளவர்கள் தேசிக்காயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அதை மாமியின் பழைய கேத்தலில் ஊற்றி, அவருடைய கோப்பையோடு ராத்தாவுக்கும் எனக்குமாக மேலும் இரண்டு கோப்பைகள் வைத்து, சிறு துண்டு பனங்கட்டியும் சேர்த்து விறாந்தைக்குக் கொண்டு போனேன். "நீங்களே ஊற்றிக் கொடுங்க மாமி" என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லி ஊற்றினார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "கறுவா கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது அளவு பார்த்து அவித்து எடுப்பவர் மாமிதான். காலையில் மட்டும் ஒரு பிளேன்டீ. தூக்கமும் அல்ஹம்துலில்லாஹ், முன்னைக்குப் பரவாயில்லை. முதியவர்களிடமிருந்து எதையேனும் நிறுத்தச் சொல்லும் முன், அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும் என்பதை அந்த மூன்று நாட்கள் எனக்குக் கற்றுத் தந்தன.