வெட்டிய காட்டில் ஒரு கூடாரம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்குள் இருக்கிறது எல்க்மான்ட் முகாம். அங்கிருந்து லிட்டில் ரிவர் ஆற்றை ஒட்டி இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடந்தால் ஹஸ்கி பிராஞ்ச் அருவி. அந்த நடையில் மூச்சு வாங்குவதே இல்லை. இருபுறமும் மலை செங்குத்தாக நிற்க, பாதை மட்டும் அகலமாக, தெரியாத அளவுக்கு மெல்ல ஏறுகிறது. காலுக்குக் கிடைக்கும் இந்தச் சுகத்தைச் சந்தேகிக்க வேண்டும். இது நடப்பதற்காகப் போட்ட பாதையே அல்ல; வெட்டிய மரங்களை இறக்கிய ரயிலின் தடம். 1901இல் தொடங்கிய லிட்டில் ரிவர் லம்பர் கம்பெனி 1908 வாக்கில் எல்க்மான்டை எட்டியது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இந்தச் சரிவுகளிலிருந்து மரம் இறங்கிக்கொண்டே இருந்தது. இன்று கூடாரம் அடிக்கிற பள்ளத்தாக்கில் அன்று மரவெட்டிகளின் ஊர் இருந்தது.

ஆகவே, இங்கே வந்து தங்குபவர்கள் இதை மனிதக் கை படாத காடு என்று புகழும்போது மறுக்கத் தோன்றுகிறது. அந்தப் புகழ், காட்டை மீட்டவர்களுக்கு உரிய பெருமையைப் பறித்துவிடுகிறது. 1926இல் பூங்காவுக்காகக் கம்பெனி 76,000 ஏக்கருக்கு மேல் விற்றபோதுகூட, மேலும் 15 ஆண்டுகள் வெட்டும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் விற்றது. நிலம் வாங்கப் பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். ராக்பெல்லர் குடும்பப் பணம் 50 லட்சம் டாலர் வந்தது. 1934இல் தேசியப் பூங்கா பிறந்தது. கூடாரத்துக்கு மேல் கவிந்திருக்கும் மரங்களில் பெரும்பாலானவை வெட்டுக்குப் பிறகு வளர்ந்தவை. அவை நிற்பதற்குக் காரணம், போதும் என்று சிலர் பிடிவாதமாக நின்றது.

வெட்டினாலும் வளர்ந்துவிடுகிறதே, பிறகு வெட்டினால் என்ன என்று மர வியாபாரி கேட்கலாம். வளர்ந்தது வேறு காடு என்பதே அதற்குப் பதில். ஒரு காலத்தில் இம்மலைகளை நிறைத்திருந்த அமெரிக்கச் செஸ்ட்நட் மரம், வெளியிலிருந்து வந்த பூஞ்சை நோயில் வீழ்ந்தது. இன்றும் வேரிலிருந்து துளிர்க்கிறது, பெருமரமாக உயருமுன் நோய் மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஓடைக்கரைகளுக்கு நிழல் தரும் ஹெம்லாக் மரங்களை 2002 முதல் ஒரு வேற்றுநாட்டுப் பூச்சி உறிஞ்சிக் கொல்கிறது. கோடரிக்குத் தப்பியதும் பூச்சிக்குத் தப்பவில்லை.

இதைவிடக் கனமான கேள்வி மனிதர்களைப் பற்றியது. பூங்காவுக்காக 1,200க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் வெளியேற வேண்டியிருந்தது. எல்க்மான்டில் கோடை வீடு வைத்திருந்த வசதியானவர்களோ நீண்ட குத்தகை பெற்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை 1992இல்தான் முடிந்தன. காடு திரும்பியது நல்லது என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு நியாயமாகிவிடாது. காட்டைப் பாராட்டும் வாயாலேயே இதையும் சொல்லியாக வேண்டும். கை படாத காடு என்று சொல்லிவிட்டால், அந்தக் குடும்பங்கள் அங்கே வாழவே இல்லை என்றாகிவிடுகிறது.

ஓய்வுக்கு வந்த இடத்தில் இந்த வரலாறெல்லாம் எதற்கு? இங்கே உறங்குபவரையும் அது தொடுகிறது என்பதால்தான். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் எல்க்மான்டில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி, ஒன்றாக இருளும். அமெரிக்காவில் அப்படி ஓர் இனம் இல்லை என்றே அறிவியலாளர்கள் எண்ணியிருந்தார்கள். இங்கே கோடை வீட்டில் விடுமுறைகளைக் கழித்த ஒரு பெண் எழுதித் தெரிவித்த பிறகு, 1990களில் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். வெட்டுப்பட்ட பள்ளத்தாக்கில், ஆட்கள் வாழ்ந்த முற்றங்களின் ஓரத்தில் கிடைத்த அதிசயம் இது. அந்தப் பூச்சியின் புழுப்பருவம் மண்ணிலும் இலைச்சருகிலும் கழிகிறது. பாதையை விட்டு விலகி வைக்கும் ஒவ்வொரு அடியும் அதன்மீது விழக்கூடும். அதேபோல, குளிர்காய வீட்டிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவருவதானால் வெப்பமூட்டிச் சான்று பெற்ற விறகாகவே இருக்க வேண்டும் என்ற விதியைப் பலர் அதிகாரிகளின் கெடுபிடியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மரம் தின்னும் பூச்சிகள் அந்த விறகுக்குள் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போகக்கூடும். செஸ்ட்நட்டுக்கு நேர்ந்ததை அறிந்தவருக்கு அந்த விதியில் குறை சொல்ல ஒன்றும் இராது.