அட்டில்

சமைத்தலை ‘அடுதல்’ என்பர். அடுப்பு, அடுக்களை, அட்டில் என்னும் சொற்கள் அவ்வேரில் பிறந்தவை. திருப்பாலைக்குடியில் எங்கள் பழைய அடுக்களை இருள் சூழ்ந்தது. என் அன்னையார் தரையில் அமர்ந்து, சீமைக்கருவேல விறகை ஊதுகுழலால் ஊதிச் சமைப்பார். புகையால் அவர் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். நாங்களோ உண்டோம், எழுந்தோம், அத்துன்பத்தை எண்ணினோம் இல்லை.

எண்ணிப் பார்த்தவர் அயல்நாட்டில் இருந்தார். 1926ஆம் ஆண்டில், மார்கரெட் லிகோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக்கலை அம்மையார், செருமானிய நகரமாகிய பிராங்க்பர்ட்டின் புதிய குடியிருப்புகளுக்கெனச் சிறிய அடுக்களை ஒன்றை வகுத்தார். சமைப்பவர் வீணே நடக்கும் அடிகளைக் குறைப்பதே அவர் நோக்கம். இன்று ‘மாடுலர் கிச்சன்’ என வழங்கும் அடுக்களைக்கு அதுவே முன்னோடி.

அண்மையில் எங்கள் அடுக்களையைப் புதுப்பிக்க இராமநாதபுரத்துக் கடை ஒன்றிற்குச் சென்றோம். இன்னும் கட்டாத அடுக்களையைக் கணினித் திரையில் கண்முன் காட்டினர். நான் வண்ணம் தேர்ந்துகொண்டிருந்தேன். என் மனைவியார், “தம்பி, இந்த மேடை என் உயரத்திற்கு ஏற்குமா? எங்கள் ஊர் உப்புக்காற்றில் இக்கீல்கள் துருப்பிடியாவா?” என்று வினவினார். கடைக்காரர் அளவுநாடாவை எடுத்தார். “முழங்கைக்குச் சற்றுத் தாழ மேடை அமைந்தால் முதுகு வளையாது, அம்மா” என்றார்.

அன்று நான் நாணினேன். என் அன்னையாரை ஒருநாளேனும் கேட்டிருக்கலாமே!

மாணவர்களே, அட்டிலுக்கு அழகு பளபளப்பன்று, அடுபவர் நலமே. இன்று இல்லம் சென்றதும், சமைப்பவரிடம் அவர் துன்பம் யாதெனக் கேளுங்கள்.