நாளைய குளிருக்கு இன்றிரவே

பர்மிங்ஹாம்
2024 அக்டோபர் 27, ஞாயிறு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கும் நாள். ஹீட்டரைப் போட்டேன். போட்டேன் என்பது பேச்சுக்குத்தான். ஸ்டோரேஜ் ஹீட்டர் போட்டவுடன் சுடாது. உள்ளே அடுக்கியிருக்கும் கனத்த செங்கற்கள் இரவு மின்சாரத்தில் பல நூறு டிகிரிக்குச் சூடேறி, மறுநாள் முழுக்க அந்தச் சூட்டைக் கசியவிடும். எகானமி 7 கட்டணத்தில் இரவு ஏழு மணி நேரம் மலிவு. எங்கள் வீட்டில் 12:30 முதல் 7:30 வரை. பகல் யூனிட்டின் விலை சாதாரணக் கட்டணத்தைவிடக் கூடுதல் என்பதை விற்கிறவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா கூப்பிட்டார். "விடிய வேர்க்குது, பின்னேரம் நடுங்குது. இதென்ன ஹீட்டர், தம்பி?"

மேல்மூடிக்கடியில் இரண்டு திருகுகள். இரண்டும் கடைசி எண்ணில் நின்றன. இன்புட், இரவில் எவ்வளவு சூடு சேர வேண்டும் என்பதற்கு. அவுட்புட், உள்ளே ஒரு தகட்டுக் கதவைத் திறந்து சூட்டை வெளியே விடுவதற்கு. அந்தக் கதவு இரவிலும் திறந்திருந்தால், சேரச்சேர ஒழுகிப்போகும். படுக்கப்போகும்முன் அவுட்புட்டை 1-க்குக் குறையுங்கள், பொழுதுபட்ட பிறகு கூட்டுங்கள் என்றேன். இன்புட்டுக்கு வானிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். 3.4 கிலோவாட் ஹீட்டர் ஏழு மணி நேரமும் இழுத்தால் ஏறக்குறைய 24 யூனிட். மறுநாள் வெயில் அடித்தால் அத்தனையும் தண்டம்.

டிசம்பர் 8, ஞாயிறு

எகானமி 7 வந்தது 1978-இல். அனல், அணுமின் நிலையங்களை இரவில் நினைத்தபடி நிறுத்த முடியாது. ஊர் தூங்கும்போது தேவையோ குறைவு. மிஞ்சுவதை விற்க ஒரு வழி வேண்டியிருந்தது. ஆக, இது மின்நிலையத்தின் வசதிக்கு ஏற்ற ஹீட்டர். ஆளில்லாத வீட்டைக் காலை பத்து மணிக்குச் சூடாக்கிவிட்டு, எல்லோரும் திரும்பும் மாலையில் கைவிரிக்கும். பிறகு விசிறி ஹீட்டரைச் சொருகி, இரவில் மிச்சம்பிடித்ததைப் பகல் விலையில் தொலைக்க வேண்டியதுதான்.

2025 ஜனவரி 12, ஞாயிறு

கீழ்வீட்டு அம்மாவின் மீட்டர் பக்கத்தில் ரேடியோ டெலிசுவிட்ச் பெட்டி. ஹீட்டருக்கு மின்சாரம் விடு என்ற கட்டளை அதற்கு வானொலி அலையில் வருகிறது: பிபிசி ரேடியோ 4, நெடுஅலை, 198 கிலோஹெர்ட்ஸ். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள டிராய்ட்விச் கோபுரம்தான் அனுப்புகிறது. 2023 வரை டெஸ்ட் கிரிக்கெட் வர்ணனையும் இதே அலையில் வந்தது. வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதே அலை ஊரார் வீட்டு ஹீட்டரையும் இயக்குவது தெரிந்திருக்காது. இந்த டெலிசுவிட்ச் சேவையை ஜூன் 30-இலிருந்து நிறுத்தப்போகிறார்கள். ஸ்மார்ட் மீட்டருக்கு மாறியாக வேண்டும்.

மாறுவது நல்லதுதான். இப்போது மின்சாரம் மலிவாவது பலத்த காற்று வீசும்போது. காற்று 12:30 பார்த்தா வீசுகிறது? அரைமணிக்கொரு விலை வைக்கும் திட்டங்களும் வந்துவிட்டன.

"பின்னேரமும் ஒருக்கால் சூடு ஏத்தலாமோ?" என்று அம்மா கேட்டார். எகானமி 10-இல் பிற்பகலிலும் சில மலிவு மணிகள் உண்டு, ஆனால் தருகிற நிறுவனங்கள் குறைவு. நாளை போனில் விசாரிக்க வேண்டும், மீட்டர் எண்ணைக் குறித்து வாங்கிக்கொண்டேன்.