கற்பிக்கப் படிக்கப் போகிறவர்களுக்கு

தங்கை மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கப் போகிறேன் என்றாள். "சாதாரண பி.எட். படிச்சா ஆகாதா?" என்று தங்கை முகம் சுளித்தாள். பெண் பிடித்த பிடியை விடவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவள் என்பதால், கல்லூரி பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

விசாரிக்க ஆரம்பித்ததும், ஊரும் கட்டணமும் விடுதியும் பிறகு பார்க்க வேண்டியவை என்று புரிந்தது. முதலில் பார்க்க வேண்டியது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அனுமதி. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, படிப்பை முடித்தவர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிய வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம். அனுமதியிலும் பிரிவுகள் உண்டு. செவித்திறன் குறைபாட்டுப் பிரிவுக்கு அனுமதி பெற்ற கல்லூரியில் கற்றல் குறைபாட்டுப் பிரிவு இல்லாமல் இருக்கலாம். விளம்பரத்தில் 'சிறப்புக் கல்வி' என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தப் பிரிவு, எந்த ஆண்டு வரை அனுமதி என்பதைக் கவுன்சிலின் பட்டியலில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பெண் விரும்பிய பிரிவான கற்றல் குறைபாட்டுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளைச் சொன்னது. அவற்றில் இது இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில்தான் சேர்ந்தது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும், அறிவில் குறைவில்லாமல் வாசிப்பில் மட்டும் தடுமாறும் பிள்ளைகளை வகுப்பறைகள் வெகுகாலம் 'மக்கு' என்றே கடைசி பெஞ்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

பிறகு நேரில் போய்ப் பார்த்தோம். ஒரு கல்லூரியில் மாணவிகள் செய்த வண்ண அட்டைகளும் மாதிரிகளும் கூடம் நிறைய இருந்தன. ஒரு குழந்தையைக்கூடக் காணவில்லை. பயிற்சி எங்கே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கடைசியில் ஏற்பாடு செய்வோம்" என்றார்கள். இன்னொன்று சின்னக் கட்டடம். அங்கே ஒரு பையன் தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பயிற்சி மாணவி ஒருத்தி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் இந்த முறையை அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் என்ற இருவர் 1930களில் வகுத்தார்கள் என்று பாடத்தில் வருகிறது. மணலில் எழுதிச் சொல்லிப் படிப்பது நம் திண்ணைப் பள்ளிகளுக்கும் பழக்கமானதுதான்.

அங்கிருந்த ஆசிரியையிடம்தான் என் தங்கை மகள் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டாள். "மேடம், தமிழ்ல தடுமாறுற பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு இங்க கத்துத் தருவீங்களா?"

நான் புரட்டிய நூல்களில் எல்லாம் ஆங்கில 'b'யும் 'd'யும் தலைமாறுவதுதான் எடுத்துக்காட்டு. நம் பிள்ளையின் சிக்கல் வேறு. 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் போட வேண்டும். ஒலியிலோ ககரம்தான் முதலில் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி வேறு வேறு. ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. அதில் எது பேச்சுவழக்கால் வருவது, எது பயிற்சி கொடுத்தும் தீராதது என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். இது தெரியாத ஆசிரியர் கையில் அரசுப் பள்ளிப் பிள்ளையைக் கொடுத்து என்ன பயன்?

அந்த ஆசிரியை பூசி மெழுகவில்லை. "பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் வாரா வாரம் தமிழ்வழிப் பிள்ளைகளோடு உட்கார வைப்போம். மீதியை அவர்களிடமிருந்துதான் நீங்கள் கற்க வேண்டும்" என்றார். தங்கை மகள் அங்கேயே சேர்ந்தாள்.

இந்தப் படிப்பைத் தேடுபவர்களுக்குச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அனுமதியைச் சரிபாருங்கள். எத்தனை மணி நேரம், எந்தப் பிள்ளைகளோடு, எந்த மொழியில் பயிற்சி என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.