காற்று மலையில் சைக்கிள் பயணம்

பிரான்சின் தெற்கே, புறோவோன்ஸ் பகுதியில் மொன் வோந்து என்றொரு மலை இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 1,910 மீற்றர். பெதுவான் கிராமத்தில் இருந்து உச்சிக்கு 21 கிலோமீற்றர். சென்ற கோடையில் எங்கள் தொழிற்சாலை நண்பர்கள் ஐந்து பேர் சைக்கிளில் ஏறினோம்.

காட்டுக்குள் காற்றில்லை, ஏற்றம்தான் ஆளை வாட்டும். சலே ரெய்னார் என்ற இடத்தில் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. அவரை விட்டுவிட்டு ஏற எவருக்கும் மனமில்லை. அரை மணி நேரம் காத்திருந்து சேர்ந்தே புறப்பட்டோம்.

மீதி 6 கிலோமீற்றரில் மரமே இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களும், மிஸ்திரால் எனப்படும் வடகாற்றும்தான். ஒருவர் முன்னே ஓடிக் காற்றை மறைக்க, மற்றவர்கள் பின்னால் ஒட்டி வந்தோம். முன்னவர் களைத்தால் அடுத்தவர் மாறினார்.

உச்சிக்குக் கிட்ட ரொம் சிம்சனின் நினைவுக்கல் நிற்கிறது. 1967 இல் ரூர் து பிரான்ஸ் போட்டியில், கடும் வெயிலோடு ஊக்கமருந்தும் சேர, இந்த மலையில் உயிர்விட்டவர். 2016 இல் காற்று மிஞ்சியதால் அதே போட்டியைச் சலே ரெய்னாரிலேயே முடித்தார்கள். அவர்களே நிறுத்திய இடத்தில் நாங்கள் திரும்பினால் வெட்கமில்லை.

போகிறவர்கள் தண்ணீரோடு ஒரு தடித்த மேற்சட்டையும் கொண்டு போங்கள். கோடையிலும் இறங்கும்போது குளிர் நடுக்கும்.