கணக்கு யாருக்குச் சொந்தம்?

"கணக்கு எல்லாருக்கும் வராது, அது பிறவியிலேயே அமையவேண்டும்" என்று பேசுவோர் எத்தனை பேர்! தலையெழுத்தை எள்ளி நகையாடுபவர்கூட, கணக்கு என்றதும் பிறவியின் காலடியில் பணிந்துவிடுகிறாரே, ஏன்?

வரலாற்றில் பட்டம் பெற்றவன் நான். ஊரகப் பள்ளியில் கணக்காசிரியர் இடம் காலியாகக் கிடந்ததால், எட்டாம் வகுப்புக் கணக்கு என் கைக்கு வந்தது. அங்கே இரண்டு வரிசைகள். முன்வரிசையில் 'மேதைகள்' பத்துப் பேர். அவர்களுக்குப் புதிர்க் கணக்கு, மாலையில் தனி வகுப்பு. பின்வரிசையில் 'மெல்லக் கற்போர்'. அவர்களுக்கு வாய்ப்பாடு ஒப்பித்தல்! தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காண்டுகள் கிடைக்கும். ஏழைக் குடிலுக்கு அது விளக்கு. அந்த விளக்கைக் காணும் வாய்ப்பும் பத்துப் பேருக்கே!

பின்வரிசைப் பெண்ணொருத்தியைக் கடைத்தெருவில் கண்டேன். தாயோடு பூ விற்றுக்கொண்டிருந்தாள். முழம் 30 ரூபாய். இரண்டரை முழம் வாங்கியவர் 200 ரூபாய்த் தாளை நீட்டினார். இமைப்பொழுதில் 125 ரூபாயைத் திருப்பித் தந்தாள். அதே பெண், "30ஐ இரண்டரையால் பெருக்கு" என்று கரும்பலகையில் எழுதினால் கலங்கி நிற்பாள். மந்தம் அவள் மூளையிலா, நம் முறையிலா?

பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறாரை ஆராய்ந்து 1985இல் வெளியிட்டனர். விற்பனையின்போது நூற்றுக்கு 98 விடைகள் சரி. அதே கணக்கை வெறும் எண்களாகத் தந்தபோது நூற்றுக்கு 37தான் சரி! கடலுக்கு அப்பாலும் கதை இதுவே.

"இராமானுசன் பிறவி மேதை அல்லவா?" என்பர். கார் தொகுத்த நூலின் தேற்றங்களை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்து உழைத்தவர் அவர். பிற பாடங்களில் தவறினார் என்று அவருக்கே உதவித்தொகையை மறுத்தது அன்றைய கல்லூரி! மேதையை அளக்க நம்மிடம் இருந்த கோல் இவ்வளவுதான்.

மறுநாள் பூமுழத்தையே பாடமாக்கினேன். இரண்டு முப்பது அறுபது, அரை முழத்துக்குப் பதினைந்து என்று அவள் சொல்ல, வகுப்பு கேட்டது. பிறகு அதையே குறியீட்டில் எழுதினோம். மாலை வகுப்பின் கதவையும் அனைவருக்கும் திறந்தேன். "தேர்ச்சி குறையும்" என்றார் தலைமையாசிரியர். குறையவில்லை, பின்வரிசைக்கு விளக்கிச் சொல்ல நேர்ந்ததால் முன்வரிசையும் தெளிவடைந்தது!

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த காலம் போயிற்று. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் சிறுவரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. பிரிப்பது குற்றமன்று, பூட்டி வைப்பதே குற்றம். அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்ற உறுதி இருந்தால் அது படிக்கட்டு. இல்லையேல் அது சுவர்!

இளைஞனே! மாலையில் ஒரு மணிநேரம் உன் தெருப் பிள்ளைகளுக்குக் கொடு. கடைக் கணக்கிலிருந்து தொடங்கு. மேதையைத் தேடி அலையாதே, எல்லாருக்கும் வாய்ப்பைக் கொடு, மேதை தானே எழுந்து நிற்பான், எழுந்து நிற்பாள்!